பதினோரு மணிக்குக் காலியான மூலை

"பல்லு இன்னும் வரலைங்க. ஆனா ஈறு தடிச்சிருக்கு. விரலை வச்சா போதும், புடிச்சுக் கடிக்கிறாங்க."

குப்பைப் பைகள் அடங்கிய பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்த ஆள் கேட்டது, "இதை எங்க இறக்கணும்?" என்றுதான். பதில் இப்படி வந்ததும் அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு, பாவம், தெரியாத்தனமாக, "யாருக்குங்க?" என்று கேட்டுவிட்டார். அது போதாதா? சட்டைப் பையிலிருந்து கைப்பேசி வெளியே வந்தது. பேத்தி தூங்குகிற படம் முப்பத்தெட்டு. விழித்திருக்கிற படம் இரண்டே இரண்டு, அதுவும் கலங்கல், ஏனென்றால் விழித்திருந்தால் அவள் ஒரு நிமிடம் அசையாமல் இருக்க மாட்டாள். எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் பெட்டிகள் இறங்கின.

இத்தனைக்கும் படம் காட்டியவருக்கு வயது ஐம்பத்தொன்றுதான். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெரிய கூடத்தில் பத்தொன்பது வருஷமாகத் துப்புரவு வேலை. நூலகத்துக்கும் வகுப்பறைகளுக்கும் நடுவில் இருக்கிற கூடம் அது. வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் எல்லோரும் வந்து விழுகிற இடம். மேசை துடைப்பது, தரை கழுவுவது, இழுத்துப் போட்ட நாற்காலிகளைத் திரும்ப அதனதன் இடத்தில் வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மாணவர்களுக்கு அவர் "அண்ணா". நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் கூடத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அறிவித்துவிட்டார்.

"இனிமே யாரும் என்னை அண்ணான்னு கூப்பிடக் கூடாது. தாத்தான்னு கூப்பிடணும்."

"உங்களுக்கு முடிகூட நரைக்கலையே அண்ணா!"

"அது நரைக்கும்போது நரைக்கட்டும். நீ கூப்பிடு."

நாமும் அவரைத் தாத்தா என்றே சொல்வோம். இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

கூடத்தில் நாற்காலிகள் இருநூற்றுப் பதினான்கு. காலையில் தாத்தா அவற்றை வரிசையாகப் போடுவார். சாயங்காலம் பார்த்தால் எல்லாம் ஊர்ந்து ஊர்ந்து ஜன்னல் பக்கம் போயிருக்கும், ஏதோ வெளியே வேடிக்கை பார்க்கப் போன மாதிரி. தாத்தா படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். ஆனால் ஆட்கள் உட்காருகிற விதத்தை அவரைப் போல படித்தவர் அங்கே யாரும் கிடையாது.

முதலில் வருகிறவர் சுவரோரமாகத்தான் உட்காருவார், முதுகு சுவரில் படும்படி. இரண்டாவது ஆள் அவரை விட்டு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம். ஓரமெல்லாம் நிரம்பிய பிறகுதான் நடுவில் இருக்கிற மேசைக்கு ஆள் வரும், அதுவும் வேறு வழியில்லையே என்கிற முகத்தோடு. யாருக்காகவாவது காத்திருக்கிறவர் வாசலைப் பார்த்து உட்காருவார். யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தவர் ஜன்னலைப் பார்த்து உட்காருவார். பையன் ஒருவனும் பெண் ஒருத்தியும் முதல் வாரம் எதிரெதிரே உட்காருவார்கள். இரண்டாவது வாரம் பக்கத்தில் பக்கத்தில். ஒருநாள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். அன்றைக்குத் தாத்தா அந்த மேசையைத் துடைக்கப் போகமாட்டார். தூரத்திலேயே நின்றுகொள்வார்.

தேர்வுக் காலம் வந்தால் கதையே வேறு. நாற்காலி காலியாக இருக்கும், ஆள் தரையில் உட்கார்ந்திருப்பான். கேட்டால், "இங்கதான் தாத்தா பிளக் இருக்கு." அவனவன் பைக்கு ஒரு நாற்காலி, கோட்டுக்கு ஒரு நாற்காலி, காலுக்கு ஒரு நாற்காலி. நாலு பையன்கள் ஒரு கூட்டம் உண்டு. சீட்டுக்கட்டும் கையுமாகவே திரிவார்கள், வகுப்புக்கு எப்போது போவார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம். அவர்களிடம் தாத்தாவுக்குத் தினமும் ஒரு சண்டை.

"நாலு பேருக்கு நாலு நாற்காலி பத்தாதா? எட்டு எதுக்குடா?"

"காலும் நம்ம உடம்புதானே தாத்தா."

ஆட்டம் காணும் நாற்காலிகள் ஏழு இருந்தன. அவற்றை எங்கே போடுவது என்பதில் தாத்தாவுக்கு ஒரு கணக்கு. ஆசிரியர்கள் கூடிக் கூடிப் பேசுகிற நீள மேசை ஒன்று உண்டு. ஏழையும் கொண்டுபோய் அங்கேதான் போடுவார். "கூட்டம் சீக்கிரம் முடியும்" என்பார்.

இதெல்லாம் பழைய கதை. இப்போது கூடத்தின் ஒரு மூலைக்கு வருவோம். கோடியில் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு உயரமும், மூன்று பேர் கைகோத்தால்தான் அணைக்க முடியும் என்கிற பருமனுமாக ஒரு தூண். அதற்குப் பின்னால் ஒரு தாழ்ந்த சோபா, இரண்டு வட்ட மேசை, ஒன்பது நாற்காலி. மேலே மாடி வராந்தா. அங்கிருந்து எட்டிப் பார்த்தால்கூட சோபாவும் அதன் எதிர் நாற்காலியும் தெரியாது. அழ வேண்டியவர்கள் அங்கேதான் வருவார்கள். தூங்க வேண்டியவர்களும். வயதான பேராசிரியர் ஒருவர் விடைத்தாள் கட்டோடு வந்து உட்கார்ந்து, மூன்றாவது தாளில் கண்ணை மூடிவிடுவார். சீட்டுக்கட்டுக் கூட்டத்துக்கும் அதுதான் பிடித்த இடம்.

தாத்தாவின் ஒரே மகள் அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கிறாள். கடைசி வருஷம். குழந்தை பிறந்ததால் ஒரு பருவம் விடுப்பு எடுத்துவிட்டாள். இன்னொரு பருவம் விட்டால் பதிவே ரத்தாகிவிடும், முதலிலிருந்து சேர வேண்டும் என்று அலுவலகத்தில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். அதனால் குழந்தைக்கு இரண்டு மாதம் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தபோது வகுப்புக்கு வர ஆரம்பித்தாள்.

வீட்டில் யார் பார்ப்பது? பாட்டி துணி வெளுக்கும் கடையில் ஒரு மணி வரைக்கும் வேலை. மாப்பிள்ளைக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. அவர் காலையில் வந்து, தூங்காமல் குழந்தையை வைத்துக்கொள்வார். புட்டிப்பால் கொடுக்கலாம் என்று பார்த்தால் சின்னவள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ரப்பரை வாயருகே கொண்டுபோனால், யாரோ தன்னை அவமானப்படுத்திவிட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆகவே மாப்பிள்ளை பதினோரு மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே வந்துவிடுவார். மகளுக்குப் பதினொன்றிலிருந்து பதினொன்றரை வரைக்கும் இடைவெளி.

முதல் நாள் மகள் குழந்தையோடு பெண்கள் கழிவறைக்குப் போனாள். உட்கார இடம் இல்லை, நின்றபடியே கொடுத்தாள். வெளியே யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் குழந்தை தூக்கிவாரிப்போட்டு வாயை எடுத்தாள். பத்து நிமிடம் கழித்துத் தாயும் மகளும் சேர்ந்து அழுதுகொண்டு வெளியே வந்தார்கள்.

"அப்பா, என்னால முடியாது. படிப்பு போனா போகட்டும்."

தாத்தா துடைப்பமும் வாளியும் வைக்கிற அறைக்குப் போனார். அங்கே சுவரில் சாய்த்து வைத்திருந்த இரண்டு மஞ்சள் பலகையை எடுத்தார். 'கவனம்! ஈரத்தரை, வழுக்கும்' என்று எழுதியிருக்கும். தூணுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று விரித்து வைத்தார். சீட்டுக்கட்டுக் கூட்டம் முனகிக்கொண்டே எழுந்தது.

"இப்பத்தானே தாத்தா உட்கார்ந்தோம்!"

"எழுந்திரிங்கடா, தரை கழுவணும்."

மறுநாளிலிருந்து அதுவே வழக்கமானது. பத்தே முக்காலுக்குப் பலகை வரும். பதினோரு மணிக்கு மாப்பிள்ளை வருவார். "வாங்க மாப்பிள்ளை, கொடுங்க அவங்களை" என்று தாத்தா இரண்டு கையையும் நீட்டுவார். மூன்று மாதக் குழந்தையை அவர் 'அவங்க' என்றுதான் சொல்வார். அந்த மரியாதையை அவர் துணைவேந்தருக்குக்கூடக் கொடுத்ததில்லை. மகள் சோபாவில் சாய்ந்துகொள்வாள். மாப்பிள்ளை எதிர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். தாத்தா காய்ந்த துடைப்பத்தைக் காய்ந்த தரையில் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருப்பார். ஒரு நாள் மட்டும் மனசு உறுத்தி, கொஞ்சம் தண்ணீர் தெளித்தார்.

ஐந்தாவது வாரம் ஒரு பெண் வந்தாள். கட்டடக்கலையில் ஆராய்ச்சி செய்கிற பெண். கண்ணாடியை எப்போதும் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, அது எங்கே என்று தேடுவாள். கூடத்தில் எந்த இடத்தில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று எண்ணச் சொல்லிப் பல்கலைக்கழகமே அவளை அனுப்பியிருந்தது. கூட்டம் உச்சத்தில் இருக்கிற நேரம் பதினோரு மணி. ஆகவே தினமும் பதினோரு மணிக்கு மாடி வராந்தாவில் நின்று எண்ணுவாள், பத்து நாள். கையில் ஒரு அட்டை, அதில் கூடத்தின் படம், ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு சின்ன வட்டம். ஆள் இருந்தால் வட்டத்துக்குக் கறுப்பு.

தாத்தாவுக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் நிற்கிறாளே என்று ஒரு முக்காலி கொண்டுபோய்ப் போட்டார். போட்டுவிட்டு அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"அட! இத்தனை வருஷமா நான் கீழ இருந்தே பார்த்திருக்கேன். மேல இருந்து பார்த்தா கடுகு கொட்டின மாதிரி இருக்கே!"

அவள் சிரித்தாள். பிறகு பென்சிலால் மூலையைக் காட்டினாள்.

"தாத்தா, அங்க தினமும் மஞ்சள் பலகை இருக்கே, என்ன?"

தாத்தா ஒரு நொடி தயங்கினார்.

"தரை கழுவுறேன்மா. அங்க அழுக்கு ஜாஸ்தி."

"இந்த நேரத்துலதான் கழுவணுமா?"

"ஆமாம்மா, அதுதான் முறை."

அவள் அதை அப்படியே நம்பினாள். மூலையில் இருந்த வட்டங்களை வெள்ளையாகவே விட்டாள். பத்து நாளும் வெள்ளை. தாத்தா மாடிப்படி இறங்கி வரும்போது, நல்லவேளை, மாட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தார். மாட்டிக்கொண்டது மூலை என்பது அப்போது அவருக்குத் தெரியவில்லை.

அவள் எண்ணி முடித்து ஒரு வாரம் கழித்து ஒரு காலை, மேற்பார்வையாளரும் இன்னொரு ஆளும் அளக்கும் நாடாவோடு தூணுக்குப் பின்னால் குனிந்திருந்தார்கள். தரையில் சுண்ணாம்புக்கட்டியால் நீளக் கட்டம் போட்டிருந்தது. மேற்பார்வையாளர் தாத்தாவோடு வேலைக்குச் சேர்ந்தவர். சேர்ந்த அன்றைக்கு இரண்டு பேர் கையிலும் துடைப்பம்தான். ஒருவர் கையில் மட்டும் பிறகு பேனா வந்துவிட்டது.

"என்னய்யா கோடு போடுறீங்க?"

"குளிர்பான மெஷின் ரெண்டு, நகல் எடுக்கிற மெஷின் ஒண்ணு. அடுத்த வாரம் வருது. சோபாவைத் தூக்கிக் கிடங்குல போடணும்."

"இங்கயா? ஏன் இங்க?"

"யாருமே உட்காராத இடம் இது ஒண்ணுதானாம். அந்தப் பொண்ணு எண்ணிக் கொடுத்திருக்கு. கூடம் பூரா ஆளு, இங்க மட்டும் பத்து நாளும் பூஜ்யம். உனக்கும் நல்லதுதானே, தினமும் கழுவுற வேலை மிச்சம்!"

அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். தாத்தா சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே காலை வைக்க அவருக்கு மனம் வரவில்லை. பூஜ்யத்தைப் போட்டது அந்தப் பெண்ணா? இல்லை. பலகையை விரித்த கை யாருடையது?

அன்று சாயங்காலம் வீட்டில் மகள் ஒரு பக்கம் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் காலில் ஆடிக்கொண்டிருந்தாள். தாத்தா காய்ந்த குழந்தைத் துணிகளை மடித்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். மனைவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் கையிலிருந்து துணியைப் பிடுங்கினாள்.

"அந்தத் துணி என்ன பாவம் பண்ணுச்சு? என்ன விஷயம், சொல்லுங்க."

சொன்னார். மகள் புத்தகத்தை மூடினாள்.

"விடுங்கப்பா. நான் இந்தப் பருவத்தை விட்டுடறேன்."

"விட்டா பதிவு போயிடும்னாங்களே?"

"போகட்டும். நீங்க போய் உண்மையைச் சொன்னா உங்க வேலை போகும். பலகை வச்சு ஏமாத்தினீங்கன்னு ஆகிடும்."

தாத்தா மனைவியைப் பார்த்தார். அவளோ குழந்தையைப் பார்த்து, "கேட்டியாடி? உங்க அம்மா படிப்பை விட்டுடறாளாம், உங்க தாத்தா உண்மையை விட்டுடறாராம். உனக்கு மட்டும் நேரத்துக்குப் பால் வேணும், இல்ல?" என்றாள். பிறகு அவரிடம் திரும்பி, "பலகையை வைக்கத் தெரிஞ்சவருக்கு அதைச் சொல்லத் தெரியாதா? காலையில போய்ச் சொல்லிட்டு வாங்க. துணியை இப்படிக் கொடுங்க, எல்லாம் கோணல்" என்றாள்.

காலையில் தாத்தா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வளாக அதிகாரியின் அறை வாசலில் நின்றார். அதிகாரி ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. கூட்டத்தில் பேசினால் யாரும் இருமக்கூட மாட்டார்கள். அவர் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி, அதன் மேல் கோப்புகள் மலை மாதிரி. வருகிறவர்கள் உட்காரக் கூடாது என்பதற்காகப் போட்ட நாற்காலி அது என்று தாத்தா பார்த்த உடனே கண்டுகொண்டார். ஆகவே நின்றார்.

"மேடம், அந்தத் தூண் மூலை காலியா இல்லைங்க. நான்தான் காலி பண்ணினேன்."

அவர் நிமிர்ந்தார். தாத்தா ஒரே மூச்சில் கொட்டினார். கழிவறை, பலகை, மாப்பிள்ளை, ரப்பர் பிடிக்காத குழந்தை எல்லாம்.

"ஈரத்தரைன்னு பலகை. தரை ஈரமா இருந்துச்சா?"

"இல்லைங்க. ஒரு நாள் மட்டும் தெளிச்சேன்."

"எத்தனை நாளா நடக்குது?"

"ஏழு வாரமாங்க."

"ஏழு வாரம்." அதிகாரி பேனாவை மூடிவைத்தார். "எண்ண வந்த பொண்ணு உங்ககிட்ட கேட்கலையா?"

இந்தக் கேள்விக்குத்தான் தாத்தாவின் குரல் இறங்கிப்போனது.

"கேட்டுச்சுங்க. பொய் சொன்னேன். அதுதான் மேடம் ரொம்பக் கஷ்டமா இருக்கு. அது என்னை நம்பி வெள்ளையா விட்டுச்சு."

அதிகாரி எழுந்து வந்து, அந்த நாற்காலியின் மேலிருந்த கோப்புகளை இரண்டு தடவையாகத் தூக்கித் தரையில் வைத்தார்.

"உட்காருங்க."

தாத்தா நுனியில் உட்கார்ந்தார். பத்தொன்பது வருஷத்தில் அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"உங்க பொண்ணைத் தவிர அந்த மூலையில யாரு உட்காருவாங்க?"

தாத்தா ஆரம்பித்தார். எட்டரைக்கு வந்து தனியாக அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு போகிற முதல் வருஷப் பெண். ஒன்பதரைக்கு விடைத்தாள் பேராசிரியர். மதியம் பாடத்தை ஒருவருக்கொருவர் ஒப்பிக்கிற இரட்டைச் சகோதரிகள். நாலு மணிக்கு வந்து கைப்பேசியில் வீட்டோடு பேசுகிற வெளியூர்ப் பையன், பேசும்போது தூணைப் பார்த்து உட்காருவான், தன் முகம் யாருக்கும் தெரியக் கூடாது என்று. சொல்லிக்கொண்டே போனார். அதிகாரி ஒரு தாளை எடுத்துக் குறித்துக்கொண்டே வந்தார். தாளின் மறுபக்கமும் நிரம்பியது.

"சரி. தப்பு தப்புதான். எச்சரிக்கைக் கடிதம் வரும், கையெழுத்துப் போடணும். இனிமே தரை ஈரமா இருந்தாத்தான் பலகை. இன்னும் மூணு நாள் அந்த மூலையை மட்டும் மறுபடி எண்ணச் சொல்றேன். ஆள் இருந்தா மூலை இருக்கும். இல்லைன்னா மெஷின் வரும். உங்க பொண்ணுக்காகன்னு தனியா எதுவும் என்னால செய்ய முடியாது."

"அது போதும் மேடம்."

எண்ணுகிற பெண்ணிடம் சொல்வதுதான் அதைவிடக் கடினமாக இருந்தது. அவள் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"பத்து நாள் வேலை தாத்தா! என் அறிக்கை பூரா அந்த எண்ணை வச்சுத்தான் எழுதியிருக்கேன்."

"தெரியும்மா. திட்டு. என்ன வேணா சொல்லு."

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் என்ன காட்டியா கொடுத்திருப்பேன்?"

அவள் திட்டாமல் போனது அவருக்குத் திட்டியதைவிட அதிகமாக உறைத்தது.

மறுபடி எண்ணின முதல் நாள் மகள் கூடத்துக்கு வரவில்லை. பலகை இல்லாமல் அத்தனை பேர் நடுவில் எப்படி என்று கூசினாள். வெளியே படிக்கட்டில், வெயிலில், மாப்பிள்ளை சால்வையை விரித்துப் பிடிக்க, அரைகுறையாகக் கொடுத்தாள். கடைசிவரைக்கும் குழந்தையின் அழுகை ஓயவில்லை. அன்று மூலைக்கும் பெரிய கூட்டம் இல்லை. ஏழு வாரமாக விரட்டப்பட்டவர்கள் உடனே திரும்புவார்களா? பதினோரு மணிக்கு எண்ணிக்கை மூன்று.

இரண்டாம் நாள் பத்தே முக்காலுக்குத் தாத்தா சீட்டுக்கட்டுக் கூட்டத்தைத் தேடிப் போனார். அவர்கள் மாடிப்படிக்குக் கீழே நசுங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"டேய், மூலை காலியா இருக்கு. போய் உட்காருங்க."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன தாத்தா, உடம்பு சரியில்லையா? நீங்களா கூப்பிடுறீங்க?"

"தரை இனிமே ஈரமா இருக்காது. போங்கடா. காலுக்கும் சேர்த்து எடுத்துக்கங்க."

அவர்கள் போனார்கள். ஒப்பிக்கிற சகோதரிகளும் அன்றைக்கு வகுப்பு ரத்தாகி முன்னாலேயே வந்திருந்தார்கள். விடைத்தாள் பேராசிரியர் ஒன்பதரைக்கு மூடிய கண்ணை இன்னும் திறக்கவில்லை. மூலை கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. அப்போதுதான் தாத்தாவுக்கு உறைத்தது, மூலையைக் காப்பாற்ற ஆளைச் சேர்த்தால், மகள் எங்கே உட்காருவாள்?

பதினோரு மணிக்கு மகள் வந்தாள். ஆய்வுக்கூட மேல்சட்டையைக்கூடக் கழற்றவில்லை. பின்னால் மாப்பிள்ளை, தோளில் குழந்தை. இத்தனை பேரைப் பார்த்ததும் தூணருகே நின்றுவிட்டாள். திரும்பிப் போகத்தான் போகிறாள் என்று தாத்தா நினைத்தார். ஆனால் குழந்தை அம்மாவின் வாசனை தெரிந்துகொண்டு ஒரு கத்தல் கத்தினாள். அது மாடி வரைக்கும் கேட்டது. மகள் யாரையும் பார்க்காமல் நேராகப் போய் சோபாவில் உட்கார்ந்தாள். சால்வையைப் போர்த்திக்கொண்டாள். காது இரண்டும் சிவந்திருந்தன.

தாத்தா துடைப்பத்தைப் பிடித்தபடி தூரத்தில் நின்றார். ஓடிப்போய்ப் பலகையை எடுத்து வரலாம் போல கை துறுதுறுத்தது. தரை காய்ந்து கிடந்தது. என்ன செய்வார்?

சீட்டுக்கட்டுக் கூட்டத்தில் நெட்டையன் ஒருவன் சோபாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் சீட்டுகளை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். எழுந்தான். நாற்காலியைத் தூக்கினான். இழுத்தால் சத்தம் வருமே, அதனால் தூக்கினான். அதைத் திருப்பிப் போட்டு, சோபாவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவன் அவனைப் பார்த்தான், அவனும் எழுந்தான். பிறகு மூன்றாமவன், நாலாமவன். சகோதரிகள் இரண்டு பேரும் ஒப்பிப்பதை நிறுத்தாமலேயே தங்கள் நாற்காலிகளைத் திருப்பிக்கொண்டார்கள். யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நிமிடத்துக்குள் ஆறு முதுகுகள், சுவர் மாதிரி. சீட்டுகள் முழங்காலில் விழுந்தன, ஆட்டம் தொடர்ந்தது, ஆனால் அன்றைக்கு யாரும் கத்தவில்லை.

பத்தொன்பது வருஷமாகப் பார்த்த கண்தான். ஆனால் இப்படி உட்கார்ந்ததைத் தாத்தா பார்த்ததில்லை. மெல்ல நெட்டையனிடம் போனார்.

"என்னடா, எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பிட்டீங்க?"

"அந்தப் பக்கம் கண்ணு கூசுது தாத்தா. வெயில்."

தூணுக்குப் பின்னால் எந்தக் காலத்திலும் வெயில் வந்ததில்லை. தாத்தா அவன் தலையை ஒரு தடவை கலைத்துவிட்டு நகர்ந்தார். நகர்ந்து, ஏற்கெனவே துடைத்த மேசையை முகத்தை யாரும் பார்க்காதபடி குனிந்து மறுபடி துடைத்தார்.

பதினொன்று பத்துக்கு அதிகாரி வந்தார். சொல்லாமல்தான் வந்தார். தூணுக்கு அருகே ஒரு நிமிடம் நின்று, முதுகுகளைப் பார்த்தார். மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார்.

"இந்தச் சுண்ணாம்புக் கோட்டை அழிச்சிடுங்க. மெஷின் மாடிப்படிக்குக் கீழ போகட்டும்."

"மூணு நாள் எண்ணணும்னு சொன்னீங்களே மேடம்?"

"எண்ணட்டும். அறிக்கைக்கு வேணும். கோட்டை நீங்க அழிங்க."

தாத்தாவைத் தாண்டிப் போகும்போது அவர் பக்கம் திரும்பாமலேயே, "கடிதத்துல இன்னிக்குள்ள கையெழுத்துப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். "இப்பவே போடறேன் மேடம்" என்றார் தாத்தா, ஏதோ பரிசு கொடுத்த மாதிரி.

மாடியிலிருந்து பார்த்தால் சோபா தெரியாது என்று கண்ணாடிப் பெண் அன்றைக்குக் கீழேயே இறங்கி வந்திருந்தாள். தாத்தா ஓடிப்போய் முக்காலியைப் போட்டார். அவள் முந்தாநாள் கோபத்தை இன்னும் முழுசாக விடவில்லை என்றாலும் உட்கார்ந்தாள். வட்டங்களுக்குக் கறுப்பு அடிக்க ஆரம்பித்தாள். முதுகுகள் ஆறு. தூங்குகிற பேராசிரியர் ஒன்று. எதிர் நாற்காலியில் தூங்குகிற மாப்பிள்ளை ஒன்று. பிறகு சோபாவைப் பார்த்தாள். சால்வைக்கு வெளியே ஒரு குட்டிக் கால் நீட்டிக்கொண்டு, பெருவிரலை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தது. பென்சில் அப்படியே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

"தாத்தா, சோபாவுக்கு ஒண்ணுன்னு போடவா, ரெண்டுன்னு போடவா?"

தாத்தா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து, ரகசியம் சொல்கிற மாதிரி சொன்னார்.

"ரெண்டும்மா. ஆளு சின்னதுதான். ஆனா இந்தக் கூடத்துலயே போனைப் பார்க்காம, பக்கத்துல யாருன்னு பார்க்காம, வந்த வேலையை மட்டும் ஒழுங்கா பார்க்கிறது அவங்க ஒருத்தர்தான்."